ஒரு போத்தல் சுடுதண்ணீர்



2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் எமது நாட்டைத் தாக்கியதை நாம் யாரும் மறக்கமாட்டோம். மலையகத்தில் மண் சரிந்தது. வன்னியில் குளங்கள் நிரம்பி வழிந்தன. நாடு முழுவதிலும் 600 இற்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாட்களில், முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றின் மக்கள் பக்கத்தில் இருந்த பாடசாலையில் தங்கினார்கள். நானும் அவர்களோடு இரண்டு இரவுகள் தங்கியிருந்தேன்.

அந்தப் பாடசாலை முற்றத்தில் ஒரு சில்வர் போத்தலில் தண்ணீர் காய்ச்சியதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன். 'தண்ணீர் காய்ச்சுவதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?' என்று நீங்கள் சிரிக்கலாம். சமூகசேவை உத்தியோகத்தர் என்று சொல்லிக்கொண்டு திரியும் எனக்கே அன்று சொல்லித்தர வேண்டியிருந்தது.

முதல் நாள் இரவு

நாங்கள் பாடசாலைக்கு வந்து சேரும்போது பொழுதுபட்டுவிட்டது. பாதையை வெள்ளம் மூடியிருந்ததால் சமைத்த உணவும் தண்ணீர் பவுசரும் மறுநாள்தான் வரும் என்று கிராம அலுவலர் சொன்னார். மின்சாரம் இல்லை. பாடசாலைக் கிணற்றுக்குள் வெள்ளத்தண்ணீர் இறங்கியிருந்தது. சனங்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள். சட்டி, பானை, கேத்தில் எதுவும் ஒருவரிடமும் இல்லை.

இரவு எட்டு மணியளவில் எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. தாய்க்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். என் பையில் ஜீவனிப் பக்கெற்றுகள் இருந்தன. கரைப்பதற்கு நல்ல தண்ணீர் இல்லை. நான் அந்தத் தாயிடம், "பிள்ளைக்குக் காய்ச்சின தண்ணியா குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கேள்வியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பாடசாலைக்கு அருகில் மேட்டுக்காணியில் இருந்த ஒரு வீட்டார் சிரட்டையும் காய்ந்த பொச்சும் தந்தார்கள். கூரைத் தாழ்வாரத்தின் கீழ் மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டினோம். பயிற்சிப் பட்டறை ஒன்றில் எனக்குக் கிடைத்த பளபளப்பான சில்வர் போத்தல் ஒன்று கையில் இருந்தது. அதில் கிணற்றுத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கித் தணலுக்குப் பக்கத்தில் வைக்கப் போனேன். சோற்றுப் பானையை மூடினால் கெதியில் கொதிக்கும்தானே, அந்த நினைப்பு எனக்கு.

"மிஸ், உதென்ன மூடியோட வைக்கிறீங்கள்? கழட்டுங்கோ! ஆவி போக வழியில்லாட்டி வெடிச்சுச் சிதறும்."

சொன்னவர் அந்தக் கிராமத்தில் எல்லோரும் பெரியக்கா என்று அழைக்கும் ஒரு பெண். ஐம்பது வயதை அண்டியவர். கணவர் இல்லை. கச்சான் வறுத்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவர் போத்தலை என் கையிலிருந்து வாங்கி, பாரம் பார்த்து, அடியைத் தட்டிப் பார்த்தார். "இது சூடு காக்கிற போத்தல், ரெண்டு சுவர். இது நெருப்புக்கு ஆகாது" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி தன் பாடசாலைப் போத்தலைக் கொண்டுவந்தாள். பூச்சுப் பூசாத, அங்கங்கே நெளிந்த, ஒற்றைச் சுவர்ப் போத்தல். 750 மில்லிலீற்றர் கொள்ளும். பெரியக்கா அதன் மூடியையும் றப்பர் வளையத்தையும் கழற்றிச் சிறுமியிடமே பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்தார். வகுப்பறையில் படம் தொங்கவிட்டிருந்த கம்பியை எடுத்துப் போத்தலின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு வளையம் விட்டு முறுக்கினார். ஒரு அம்மாவிடம் பழைய பருத்திச் சேலை ஒன்றை வாங்கி, நாலாக மடித்துப் போத்தல் வாயில் பிடித்துக் கலங்கல் தண்ணீரை வடித்தார். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அளவுக்கு இடம் விட்டார். சுவாலைக்கு நடுவில் வைக்காமல், தணலை ஒதுக்கி அதன்மேல் நிறுத்தி, சரியாதபடி இரண்டு பக்கமும் கல் கொடுத்தார். இடைக்கிடை தடியால் திருப்பிவிட்டார்.

ஏறத்தாழ கால் மணித்தியாலத்தில் போத்தலுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. முதலில் எழும்பிய சின்னக் குமிழிகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் முழுவதும் புரண்டு கொதித்த பிறகு அறுபது வரை எண்ணினார். கம்பி வளையத்துக்குள் நீளத் தடியை விட்டுத் தூக்கி எடுத்து, மண்ணில் வைத்து, வாயைச் சுத்தமான துணியால் மூடினார்.

ஜீவனிப் பக்கெற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். எங்கள் போத்தலோ 750 மில்லிலீற்றர். குறைந்த தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிக் குழந்தைக்குத் தீங்காகும். ஆகவே இரண்டாம் முறையும் காய்ச்சினோம். யாரிடமோ இருந்த ஒரு லீற்றர் சோடாப் போத்தலைக் காய்ச்சி ஆறிய தண்ணீரால் அலசி, அதையே அளவாக வைத்துக் கரைத்தோம். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பின்பும் கரண்டி கரண்டியாகக் கொடுக்கவும், தாய்ப்பாலையும் நிறுத்தாமல் கொடுக்கவும் தாய்க்குச் சொன்னேன். விடிந்ததும் குழந்தையை உழவு இயந்திரத்தில் ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் குழந்தை சுகமாகத் திரும்பி வந்தது.

தணலடியில் கேட்ட கதை

இனி எழுதுவதைப் பெரியக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுங்கோ மிஸ், என்ர பேரையும் ஊரையும் மட்டும் போடாதேங்கோ" என்றார்.

அன்று நள்ளிரவு தாண்டியும் நாங்கள் இருவரும் தணலடியில் இருந்தோம். "இந்தப் போத்தல் வேலை எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டேன்.

"2009 இல. அப்ப போத்தல் இல்லை, பால்மாப் பேணி. இதே மாதிரிக் கம்பி கட்டி."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"எனக்கு மூண்டு பிள்ளையள் மிஸ். கடைசிக்கு ஒண்டரை வயது. ஒவ்வொரு நாளும் பேணியில காய்ச்சித்தான் குடுத்தனான். ஒருநாள் சரியான ஷெல்லடி. பங்கரை விட்டு வெளியில வந்து அடுப்பு மூட்டப் பயம். புகை தெரிஞ்சா அந்தப் பக்கம் அடிப்பாங்கள் எண்டும் சொல்லுவினம். பிள்ளை தண்ணி தண்ணி எண்டு அழுதவன். காய்ச்சாத தண்ணியைக் குடுத்திட்டன். அடுத்த நாள் வயித்தோட்டம். மூண்டாம் நாள் போயிட்டான். நீங்கள் பின்னேரம் அந்தப் பிள்ளையிட்ட கேட்டியளே, காய்ச்சின தண்ணியோ குடுத்தனீ எண்டு. அதை என்னட்டையும் கனபேர் கேட்டவை. நானும் என்னைக் கேக்கிறனான். பதினாறு வருசமாக் கேக்கிறன்."

சகோதரிகளே, அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை. அந்த மாதங்களில் நானும் அதே கடற்கரை மணலில்தான் இருந்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. பச்சை விறகு புகையும் என்று அம்மா என்னைக் காய்ந்த சுள்ளி தேட அனுப்புவார். பிறகு நான் பல்கலைக்கழகம் போய்ச் சமூகவியல் படித்தேன். வீட்டுத் தண்ணீரும் பிள்ளையின் சுகமும் எப்படித் தாயின் தலையில் மட்டும் சுமத்தப்படுகின்றன என்று கட்டுரையும் எழுதிப் புள்ளிகள் பெற்றேன். அத்தனையும் படித்த பிறகும், வெள்ளத்தில் ஓடிவந்த ஒரு தாயிடம் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

விடியும் முன்பு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வயிற்றோட்டக் கிருமி தண்ணீரால் மட்டும் வருவதில்லை. கையால் வரும், இலையானால் வரும், உணவால் வரும், ஒருவரிடமிருந்து ஒருவருக்கும் தொற்றும். மலசலகூடம் இல்லாத ஒரு துண்டு மணலில் அவ்வளவு சனம் நெருங்கியிருந்தபோது, அந்த ஒரு பேணித் தண்ணீர்தான் காரணம் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அதைவிட, தாகத்தில் அழும் பிள்ளைக்குத் தண்ணீரே கொடுக்காமல் விட்டிருந்தாலும் ஆபத்துத்தான். அடுப்பு மூட்டப் போயிருந்தால் மூன்று பிள்ளைகளும் தாயில்லாமல் போயிருக்கலாம். அன்று அவருக்கு முன்னால் நல்ல வழி என்று ஒன்று இருக்கவில்லை. அந்த நிலையை உண்டாக்கியவர் அவரும் அல்ல.

பெரியக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "சரி மிஸ்" என்று மட்டும் சொன்னார். அவருடைய மனப்பாரம் அன்றோடு இறங்கிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். அவர் எழுந்து போய்ப் போத்தலில் மறுபடியும் தண்ணீர் வடித்து வைத்தார்.

உங்களில் சிலரும் இப்படி ஒரு கேள்வியை நெஞ்சுக்குள் வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் பெரியக்காவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நம்பிக்கையான ஒருவரிடம் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

போத்தலில் காய்ச்சும்போது

வெள்ளமும் புயலும் இனியும் வரும். ஆகவே பெரியக்காவிடம் பழகியதையும், சுகாதாரப் பகுதியினர் சொல்வதையும் சேர்த்துத் தருகிறேன். இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒற்றைச் சுவர் உள்ள சில்வர் போத்தலே நெருப்புக்கு ஏற்றது. அதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. போத்தலுக்குள் சுடுதண்ணீர் ஊற்றி வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். உடனே சுட்டால் ஒற்றைச் சுவர். சுடாவிட்டால் அது சூடு காக்கும் போத்தல். அதன் இரண்டு சுவர்களுக்கும் இடையில் அடைபட்ட வெற்றிடம் இருப்பதால் வெப்பம் உள்ளே போகாது. நெருப்பில் வைத்தால் வெடிக்கவும் கூடும். பாரமில்லாத அலுமினியப் போத்தல்களுக்கு உள்ளே ஒரு பூச்சு இருக்கும். சூட்டில் அது கெட்டுப்போகும். அதுவும் வேண்டாம்.

2. மூடி, றப்பர் வளையம், உறிஞ்சுகுழாய், துணி உறை எல்லாவற்றையும் கழற்றுங்கள். மூடிய போத்தலை ஒருபோதும் நெருப்பில் வைக்கவேண்டாம். வெறும் போத்தலையும் வைக்கவேண்டாம்.

3. கலங்கல் தண்ணீரை முதலில் தெளியவிட்டு, பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து வடியுங்கள். பங்களாதேசத்தின் மட்லப் பகுதிக் கிராமங்களில் பெண்கள் பழைய சேலையை மடித்துத் தண்ணீர் வடித்தபோது வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பலமுறை தோய்த்த சேலையின் நூல் விரிந்து துவாரங்கள் சிறிதாகிவிடுவதால், புதியதைவிடப் பழையதே நல்லது. ஆனாலும் வடிப்பது மட்டும் போதாது. வடித்த பின்னும் காய்ச்ச வேண்டும்.

4. தண்ணீர் நன்றாகப் புரண்டு கொதித்த பின் ஒரு நிமிடம் போதும். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவற்றைத் தண்ணீர் மூலம் பரப்பும் கிருமிகள் அதற்குள் இறந்துவிடும். அரை மணித்தியாலம் கொதிக்கவிட்டு விறகை வீணாக்க வேண்டியதில்லை. உயரமான இடங்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எனினும் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமான நுவரெலியா நகரிலும் ஒரு நிமிடம் போதும். 2,000 மீற்றருக்கு மேல் என்றால் மூன்று நிமிடங்கள்.

5. ஒடுங்கிய வாயால் கொதிதண்ணீர் சீறிப் பாயும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம். சால், நீளக்கை, தொங்கும் பின்னல் எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டுங்கள். பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றவேண்டாம். வகுப்பறைக்குள், தறப்பாள் கொட்டிலுக்குள் நெருப்பு மூட்டவேண்டாம். சுட்டுவிட்டால் இருபது நிமிடங்கள் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூசவேண்டாம்.

6. காய்ச்சிய தண்ணீரை அதே போத்தலில் மூடி வைப்பது நல்லது. அதன் வாய்க்குள் கையோ கோப்பையோ போகாது. ஆனால் காய்ச்சிய தண்ணீரில் கிருமி மறுபடி விழுந்தால் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே ஒரு நாளுக்குள் குடித்து முடியுங்கள்.

7. குடிக்கவும் உணவுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லீற்றர் வரை தேவை. ஒரு போத்தல் எல்லோருக்கும் காணாது. முதலில் குழந்தைகள், நோயாளர், கர்ப்பிணிகள், முதியோர் என்று முறை வையுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரே தேவையில்லை. நிவாரணமாகப் பால்மா தருகிறார்கள் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள்.

காய்ச்சினாலும் போகாதவை

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிதான் சாகும். உப்பு, புளோரைட்டு, கிருமிநாசினி மருந்து, எண்ணெய் போன்றவை அப்படியே இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டப் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறியும். அது கைக்குழந்தைகளுக்குக் கூடாது. எண்ணெய் மணக்கும் தண்ணீரையும், மருந்து தெளித்த வயலிலிருந்து வந்த தண்ணீரையும் குழந்தைகளுக்கு மட்டுமன்றி யாருக்கும் குடிக்கக் கொடுக்கவேண்டாம். வெள்ளம் இறங்கிய கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி இறைத்து, குளோரின் இட்ட பிறகே பாவியுங்கள்.

இதில் எமக்கு ஒரு பொறுப்பு இருப்பதுபோல், சபைகளுக்கும் திணைக்களங்களுக்கும் இருக்கிறது. கிணற்றைச் சுத்தம் செய்து தரும்படியும், இடைத்தங்கல் பாடசாலைகளில் மழைக்கு முன்பே இரண்டு பெரிய பானையும் காய்ந்த விறகும் வைக்கும்படியும் கேட்பது எமது உரிமை. உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். எங்கள் கிராமத்துச் சங்கம் கொடுத்துவிட்டது. பானை இன்னும் வரவில்லை. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் நாள் பாடசாலையில் நடந்ததையும் சொல்லவேண்டும். காலையில் இன்னும் ஏழு ஒற்றைச் சுவர்ப் போத்தல்கள் சேர்ந்தன. பெரியக்கா பெண்களை மட்டும் கூப்பிடவில்லை. "தம்பியவை, நீங்களும் வாங்கோ. தண்ணி எல்லாருக்கும்தானே விடாய்க்குது" என்று பெடியன்களையும் இருத்திக் கம்பி கட்டப் பழக்கினார். உயர்தரம் படிக்கும் ஒரு பையன் பின்னேரம் வரை அடுப்படியை விட்டு எழும்பவில்லை.

நானும் ஒன்று பழகினேன். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையின் தாயிடம் இப்போது நான் கேட்பது, "தண்ணி காய்ச்ச வசதி இருக்கோ அம்மா? என்ன தேவை?" என்பதைத்தான். விறகு இல்லை, பானை இல்லை, மூன்று மணிக்கே வேலைக்குப் போகவேண்டும் என்று அவர்களும் மறைக்காமல் சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது.

என் பளபளப்பான போத்தல் இப்போது அலுவலகத்தில் தேநீர் வைக்கத்தான் பயன்படுகிறது. களத்துக்குப் போகும் பையில் ஒரு பழைய ஒற்றைச் சுவர்ப் போத்தலும், ஒரு முழக் கம்பியும், நாலாக மடித்த பருத்தித் துணியும் இருக்கின்றன. உங்கள் வீட்டு அவசரப் பையிலும் இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.